நெடுந்தொலைவுக் குறியும் நேர்மைக் கணக்கும்

2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்க நாட்டு வயோமிங் மாநிலத்தில் ஒரு குழுவினர் 7744 கெஜத் தொலைவில் நிறுத்திய இலக்கொன்றைத் துப்பாக்கிக் குண்டினால் தாக்கினர். 7744 கெஜமாவது நான்கு மைலும் அதன்மேல் மைலில் பத்தில் நான்கு பங்கும் ஆகும். விசையை இழுத்ததற்கும் குண்டு இலக்கிற் பட்டதற்கும் இடையே ஏறத்தாழ 24 வினாடி கழிந்தது. இச்செய்தியைக் கேட்டார் யாவரும் வியந்தனர், யாமும் வியந்தோம். ஆயினும் அச்செய்தியோடு சேர்ந்து வந்த ஓர் எண்ணைப் பலர் செவியில் ஏற்றிலர். இலக்கிற் பட்டது அறுபத்தொன்பதாம் வேட்டு. அதற்கு முன் சென்ற 68 குண்டுகளும் மண்ணிற் புதைந்தன. அக்குழுவினர் இவ்வெண்ணை ஒளித்தாரல்லர், தாமே வெளியிட்டனர். செய்தி வாய்மாறிச் செல்லச் செல்ல 4.4 மைல் மட்டும் எஞ்சி, 69 உதிர்ந்துபோயிற்று.

தமிழ் பயிலும் மாணவராகிய எமக்குத் துப்பாக்கியோடு யாது உறவு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். எம் விடுதி உணவுச்சாலையில் எழுந்த வழக்கே இக்கட்டுரைக்குக் காரணம். ஆயிரம் கெஜத்துக்கு அப்பாலுள்ள மானை ஒரே குண்டில் வீழ்த்தும் காட்சியைக் கைப்பேசியிற் கண்ட நண்பர் ஒருவர், இக்காலத் துப்பாக்கிகள் தவறுவதே இல்லை என்று அடித்துரைத்தார். தேசிய மாணவர் படையில் 0.22 துப்பாக்கியை 25 கெஜத்திற் சுட்டுப் பழகிய மற்றொருவர், தம் ஐந்து குண்டும் உள்ளங்கையளவு இடத்தில் விழுவதற்கே ஓராண்டு சென்றதென்று நகைத்தார். வழக்கு சோறு ஆறும்வரை நடந்தும் முடிந்தபாடில்லை. இருவருள் எவர் பக்கம் உண்மை நிற்கின்றதென்று ஆராயப் புகுந்த எமக்கு, இது துப்பாக்கியைப் பற்றிய வினாவன்று, கணக்கைப் பற்றிய வினா என்பது புலனாயிற்று.

முதற்கண் இரு தன்மைகளைப் பிரித்துணர வேண்டும். குண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி ஓரிடத்தே விழுதல் ஒன்று. அங்ஙனம் நெருங்கி விழுந்த தொகுதி நாம் விரும்பிய குறியின்மேல் அமைதல் மற்றொன்று. முன்னதை நெருக்கம் என்றும், பின்னதைக் குறிநேர்மை என்றும் ஈண்டு வழங்குவோம். நல்ல துப்பாக்கியும் நல்ல தோட்டாவும் நெருக்கத்தைத் தரும். குறிநேர்மையை அவை தாமே தரமாட்டா. காற்று, தொலைவு, சுடுவோனின் மதிப்பீடு ஆகியவை சேர்ந்து அதனை ஆக்கவோ அழிக்கவோ செய்யும். துப்பாக்கி விற்போர் பேசுவது பெரும்பாலும் முன்னதையே. வாங்குவோர் கருதிக்கொள்வதோ பின்னதை.

நெருக்கத்தை அளக்கும் கோல் கலையாகும். ஒரு பாகையை அறுபது கூறிட்டால் வருவது ஒரு கலை. நூறு கெஜத்தில் ஒரு கலை ஏறக்குறைய ஓர் அங்குலம்; ஆயிரம் கெஜத்தில் பத்தரை அங்குலம்; இரண்டு மைலில் 37 அங்குலம். அரைக் கலைக்குள் எந்நாளும் சுடும் என்பது அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர் தம் படைக்கலத்தைப் பற்றிக் கூறும் வழக்கமான புகழுரை. அப்புகழுரையின் சான்று யாதெனப் பார்த்தால், நூறு கெஜத்தில் மூன்று குண்டுகள் ஒட்டிக் கிடக்கும் ஒரு தாளாகவே பெரும்பாலும் இருக்கும். மூன்று குண்டு என்பது மிகச் சிறு சான்று. குண்டுகளின் சிதறல் இயற்கை விதிப்படி அமையுமாயின், மூன்று குண்டுத் தொகுதியின் அகலம் சராசரியில் ஓர் அங்குலமாக உள்ள அதே துப்பாக்கி, பத்துக் குண்டுத் தொகுதியில் ஒன்றரை அங்குலத்துக்கும் சற்று மிகுதியாகவே காட்டும். துப்பாக்கி கெட்டுவிடவில்லை, முன்னர் அதன் முழு இயல்பையும் நாம் கண்டிலோம், அவ்வளவே. மேலும், பத்துத் தாள்களைச் சுட்டு, ஒன்பதைக் கிழித்தெறிந்து, மிகச் சிறியதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது மனித இயல்பு. தேர்வில் வாங்கிய மிக உயர்ந்த மதிப்பெண்ணை மட்டும் வீட்டுக்கு எழுதும் மாணவர் இதனை நன்கறிவர்.

இனி, காற்று. நெடுந்தொலைவுச் சூட்டில் மற்றெல்லாவற்றையும் விட மிகுந்த பிழையை விளைப்பது அதுவே. குண்டைக் காற்று நேரே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகிறது என்று பலர் எண்ணுவர். உண்மை சற்று வேறு. காற்றில்லா வெளியில் ஆயிரம் கெஜம் கடக்க எவ்வளவு நேரமாகும், காற்றினூடே செல்வதால் எவ்வளவு நேரமாகிறது, இவ்விரண்டின் வேறுபாடாகிய தாமதமே விலகலை அளப்பது. 0.308 அங்குல வின்செஸ்டர் தோட்டாவில் 175 கிரெயின் எடையுள்ள குண்டு வினாடிக்கு 2600 அடி விரைவிற் புறப்படுவதாகக் கொள்வோம். அவ்விரைவு குறையாதிருந்தால் ஆயிரம் கெஜத்தை 1.15 வினாடியிற் கடக்கும். காற்று தடுப்பதால் ஏறத்தாழ 1.75 வினாடி ஆகிறது. தாமதம் 0.6 வினாடி. மணிக்கு ஒரு மைல் வீசும் காற்றென்பது வினாடிக்கு 17.6 அங்குலம். இரண்டையும் பெருக்கினால் பத்தரை அங்குலம் வரும். மணிக்கு ஒரு மைல் காற்று இலையையும் அசைக்காது. புகையைச் சற்றே சாய்க்கும். அத்துணை மெல்லிய காற்றைச் சுடுவோன் கணிக்கத் தவறினால் குண்டு ஒரு முழுக் கலை விலகிவிடுகிறது. துப்பாக்கி அரைக் கலையிற் சுடுவது ஆங்கு என்ன பயன் தரும்?

காற்றின் தடை இத்துணைப் பெரிதென்று முதன்முதல் அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர். ஊசல் ஒன்றிற் குண்டைப் பாய்ச்சி அதன் விரைவை அளக்கும் முறையைக் கண்டு, 1742இல் தம் நூலை வெளியிட்டார். விரைந்து செல்லும் குண்டின்மீது காற்று செலுத்தும் தடை அக்குண்டின் எடையைப்போற் பன்மடங்காகும் என்று அவர் நிறுவியபோது, அதுகாறும் காற்றை ஒரு பொருட்டாக மதியாது வளைகோடு வரைந்துகொண்டிருந்தோரின் கணக்கெல்லாம் கவிழ்ந்தது. இப்பெரியார் பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக நம் நாட்டுக்கு வந்து, 1751இல் கடலூரை அடுத்த செயிண்ட் டேவிட் கோட்டையில் உயிர்நீத்தார் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. பீரங்கி இயலின் தந்தை எனத் தக்க ஒருவர் நம் கடற்கரையில் மறைந்தார் என்பதற்காகவேனும் கடலூர் மாணவர் அவரை நினைக்கலாம்.

காற்றை அளக்கக் கருவி இல்லையோ எனின், உண்டு. கையிற் பிடிக்கும் காற்றுமானி சுடுவோன் நிற்கும் இடத்துக் காற்றைத் திறம்பட அளக்கும். குண்டு செல்லும் ஆயிரம் கெஜ வழியில் மற்றிடங்களிலெல்லாம் வீசும் காற்றை அது அறியாது. பள்ளத்தாக்கின் நடுவே ஒரு திசையிலும், அப்பாலுள்ள மேட்டில் வேறொரு திசையிலும் காற்று வீசலாம். சுடுவோன் அருகே வீசுங் காற்று தொடக்கத்திலேயே குண்டின் போக்கைத் திருப்பிவிடுவதால், அத்திருப்பம் எஞ்சிய தொலைவு முழுதும் வளர்ந்துகொண்டே போகும். தேர்ந்தோர் தொலைநோக்கியிற் கானலைப் பார்த்து, அது சாயும் அளவால் காற்றைக் கணிப்பர். காற்று மிகுந்தால் கானல் தட்டையாகப் படிந்து, மேலும் மிகுவதைக் காட்டாது நின்றுவிடும். பின்னர்ப் புல்லும் மரமும் கொடியுமே துணை. இக்கலையில் முப்பதாண்டு பழகியோரும் மணிக்கு ஒரு மைல் அளவுக்குக் காற்றைச் சரியாகச் சொல்வது பெருந்திறமை என்றே கருதப்படுகிறது.

குண்டின் புறப்பாட்டு விரைவும் வேட்டுக்கு வேட்டு ஒத்திராது. வெடிமருந்தை எத்துணை நுட்பமாக நிறுத்து இட்டாலும், வினாடிக்கு முப்பதடி வேறுபாடு நல்ல தோட்டாக்களிலும் காணப்படும். மேற்சொன்ன குண்டு ஆயிரம் கெஜம் செல்வதற்குள் முப்பதடிக்கு மேல் தாழ்கின்றது. விரைவில் முப்பதடி வேறுபட்டால் அத்தாழ்வு சுமார் பத்து அங்குலம் மாறும். இரண்டு மைலில் இதைவிடப் பெரிய துப்பாக்கியாலும், வினாடிக்குப் பத்தடி வேறுபாடே குண்டை இரண்டடிக்கு மேல் உயர்த்தவோ தாழ்த்தவோ வல்லது. குண்டு தன் சுழற்சியால் ஒருபுறம் ஒதுங்குவதும், புவியின் சுழற்சியால் ஆயிரம் கெஜத்தில் மூன்றங்குலம் வரை விலகுவதும் முன்னரே கணித்துத் திருத்தத்தக்கவை. அவற்றைப் பெரிதாகப் பேசுவோர், திருத்த இயலாத காற்றை மறைக்கவே அவ்வாறு பேசுகின்றனரோ என்று எமக்கு ஐயம் உண்டு.

மெய்யான வல்லாளர் எவ்வளவு எதிர்பார்த்தனர் என்பதற்கு 1874ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு போட்டி சான்று பகரும். நியூயார்க்கை அடுத்த கிரீட்மூர் திடலில் அவ்வாண்டு செப்டம்பர் 26ஆம் நாள் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. அணிக்கு அறுவர், 800, 900, 1000 கெஜம் ஒவ்வொன்றிலும் ஆளுக்குப் பதினைந்து வேட்டு. ஆக, அணிக்கு 270 வேட்டு. நடுக்குறியிற் பட்டால் நான்கு புள்ளி. அந்நடுக்குறி ஓர் அங்குலப் பொட்டன்று, மூன்றடிச் சதுரம். ஓர் அணி பெறக்கூடிய முழுத்தொகை 1080. இறுதிச் சூட்டிற்கு முன் அயர்லாந்து 931, அமெரிக்கா 930 என நின்றன. அமெரிக்க அணியில் எஞ்சியவர் கர்னல் ஜான் போடைன் ஒருவரே. அவர் கையிலிருந்த இஞ்சிப்பானப் புட்டி வெடித்துக் கையைக் கிழித்திருந்தது. குருதி ஒழுகும் கையோடு படுத்துச் சுட்டார், நான்கு புள்ளி, 934க்கு 931 என அமெரிக்கா வென்றது. அயர்லாந்து அணியின் மில்னர் என்பவர் அன்று நடுக்குறியை நேரே தாக்கியும் ஒரு புள்ளியும் பெற்றிலர். ஏனெனின் அது பக்கத்து இலக்கின் நடுக்குறி. அந்நான்கும் சேர்ந்திருந்தால் வெற்றி யாருடையது என்பதை அன்பர் கணக்கிட்டுக்கொள்க.

இப்போட்டியில் எம் உள்ளங் கவர்ந்தது வெற்றியன்று. ஒவ்வொரு வேட்டும் எண்ணப்பட்டது. இலக்கு மாறிய வேட்டும் சுழியெனப் பதியப்பட்டது. அவ்வளவு நுட்பமாகப் பதிந்ததனாலேயே, உலகின் தலைசிறந்த பன்னிருவர், ஆடாத இலக்கை, அளந்து குறித்த தொலைவில், கொடிகள் காற்றைக் காட்டப் பட்டப்பகலிற் சுட்டும் முழுத்தொகையில் ஏழில் ஒரு பங்கை இழந்தனர் என்பதை இன்றும் நாம் அறிய முடிகிறது. இன்று கருவிகள் பெரிதும் வளர்ந்துவிட்டன. ஆயிரம் கெஜப் போட்டிக்கு அமெரிக்கர் வகுத்த இலக்கில் பத்துப் புள்ளி வளையம் இருபது அங்குல விட்டமே. எனினும் இங்கிலாந்தின் பிஸ்லித் திடலிற் கணக்கிற் சேரும் வேட்டுக்கு முன் குறிபார்க்க இரண்டு வேட்டு அளிக்கும் வழக்கம் இன்றும் நின்று நிலவுகிறது. முதல் வேட்டை நம்பலாகாது என்பதை அத்தொழில் அறிந்தோர் விதியாகவே எழுதிவைத்தனர்.

அதே 1874ஆம் ஆண்டு ஜூன் மாதம் டெக்சாஸில் அடோபி வால்ஸ் என்னும் இடத்தில் முற்றுகைக்குட்பட்ட எருமை வேட்டைக்காரருள் ஒருவரான பில்லி டிக்சன், நெடுந்தொலைவில் குதிரைமேலிருந்த ஓர் இந்தியப் பழங்குடி வீரரைச் சுட்டு வீழ்த்தினார். தொலைவு 1538 கெஜம் என்று பின்னாளில் எழுதப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டாக அச்சூடு பாட்டும் கதையுமாக வளர்ந்திருக்கிறது. 1914இல் வெளிவந்த தம் வரலாற்றில் டிக்சனோ அதனைத் தற்செயலாய் வாய்த்த வேட்டு என்றே குறித்தார். சுட்டவரின் சொல்லைவிடக் கேட்டவரின் சொல் பெரிதாயிற்று.

போர்க்களத்து அருஞ்செயல்களையும் இங்ஙனமே படித்தல் வேண்டும். 2009 நவம்பரில் ஆப்கானிஸ்தானத்து மூசாகலாவில் ஆங்கிலப் படைவீரர் கிரெய்க் ஹாரிசன் 2475 மீட்டர் தொலைவில் இருவரை வீழ்த்தினார். காற்றில்லாத தெளிந்த நாள். அந்நாளிலும் தொலைவை அறிதற்கே ஒன்பது வேட்டுகள் தேவைப்பட்டன என்று அவரே கூறினார். 2017இல் ஈராக்கில் கனடா நாட்டு வீரர் ஒருவர் 3540 மீட்டரிற் குறியைத் தாக்கியதாக அந்நாட்டுப் படைத்துறை உறுதி செய்தது. அவ்வறிவிப்பில் தொலைவு உண்டு, வேட்டெண்ணிக்கை இல்லை. தொலைவை மட்டும் சொல்லும் அறிவிப்பு பாதிக் கணக்கே.

பாதிக் கணக்கால் வரும் மயக்கத்தை எண்ணாற் காட்டலாம். ஒருவன் சுடும் ஒவ்வொரு வேட்டும் இலக்கிற் படுவதற்கு இருபதில் ஒரு வாய்ப்பே உள்ளதெனக் கொள்வோம். அவன் ஒரே வேட்டுச் சுட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தவறும். அவனே இருபது வேட்டுச் சுட்டால், ஒன்றேனும் பட நூற்றுக்கு 64 வாய்ப்பு. 69 வேட்டுச் சுட்டால் நூற்றுக்கு 97. திறமை எள்ளளவும் கூடவில்லை. தோட்டாதான் கூடுதலாகச் செலவாயிற்று. காட்சிப்படத்தில் இடம்பெறுவது அந்த ஒன்றே. எம் நண்பர் கைப்பேசியிற் கண்ட மானும் அவ்வகையினதே என்று யாம் துணிந்து கூறேம். ஆனால் காணாத மான்கள் எத்தனை என்று கேட்கும் உரிமை எமக்குண்டு.

இங்குத்தான் வழக்கு விளையாட்டின் எல்லையைக் கடக்கிறது. நியூ மெக்சிகோவின் ராட்டன் நகரையடுத்து இரண்டு மைல் வரை எஃகுத் தகடுகளைச் சுடும் போட்டி நடந்துவருகிறது. அங்கே தவறிய குண்டு மண்ணை மட்டுமே காயப்படுத்தும். அடுத்த வேட்டிற் திருத்திக்கொள்ளலாம். எஃகுத் தகடு நோவதில்லை. மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய இடம் சுமார் பத்தங்குல வட்டம். நடுவிலிருந்து விளிம்புக்கு ஐந்தங்குலம். மேற்கண்ட கணக்கின்படி ஆயிரம் கெஜத்தில் மணிக்கு அரை மைல் காற்றைத் தவறாகக் கணித்தாலே குண்டு அவ்வட்டத்தின் விளிம்புக்குச் சென்றுவிடும். ஒரு மைல் தவறினால் வட்டத்துக்கு வெளியே, வயிற்றிலோ தாடையிலோ காலிலோ பாயும். துப்பாக்கியும் தோட்டாவும் மாசற்றவை எனக் கொண்டே இவ்வாறாகிறது. இனி, குண்டு செல்லும் 1.75 வினாடியில் மான் அசையாதிருக்க வேண்டும் என்று அதற்குச் சொல்வார் யார்? மெல்ல நடக்கும் மானும் அந்நேரத்தில் ஏழடி நகர்ந்துவிடும். அடிபட்ட விலங்கு புதரிற் புகுந்தபின், மேடும் பள்ளமும் கடந்து ஆயிரம் கெஜம் நடந்து சென்று, அது நின்ற இடம் எதுவென்று தேடி, குருதித் துளியைக் கண்டு பின்தொடர்வது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தவறு என்றே நினைத்து நடவாது திரும்புவோரும் உளர்.

தியடோர் ரூஸ்வெல்ட் 1887இல் நிறுவிய பூன் அண்டு குரோக்கெட் சங்கம் வேட்டை நெறியில் அமெரிக்காவின் மூத்த சங்கங்களுள் ஒன்று. விலங்கு தன் கண்ணாலும் மூக்காலும் பகையை உணர்ந்து தப்பும் வாய்ப்பை நெடுந்தொலைவுச் சூடு அறவே பறித்துவிடுவதால், அது நேர்மையான வேட்டையாகாது என்று அச்சங்கம் கருத்துரைத்துள்ளது. அக்கருத்தை யாம் மதிக்கிறோம்; எனினும் எம் குறை அதற்கு மறுதலையானது. அச்சங்கம் அஞ்சுவது அச்சூடு மிக எளிதாகிவிடும் என்பதை. யாம் அஞ்சுவதோ, அது எளிதென்று நம்பப்படுகிறதே என்பதை. நானூறு கெஜத்தில் ஐயமின்றிச் சுடவல்ல ஒருவன், விற்போரின் சொல்லையும் திரைப்படத்தையும் நம்பி ஆயிரம் கெஜத்தில் விசையை இழுக்கிறான். அந்நம்பிக்கைக்கு விலை கொடுப்பது அவனல்லன்.

இவ்வாறு கூறுவது முயற்சியையே பழிப்பதாகாதோ என்பார் உளர். காட்டு முயலை எய்து வீழ்த்திய அம்பினும் யானையைத் தவறிய வேல் ஏந்துதல் இனிதெனக் கருதும் குறளை எமக்கே எடுத்துக்காட்டுவர். படைச்செருக்கில் வரும் அக்குறள், எதிர்நின்று தாக்கவல்ல யானையின் முன் தன் உயிரையும் பணயம் வைத்தவனைப் பற்றியது. முக்கால் மைலுக்கு அப்பாற் படுத்திருப்பவன் வைத்த பணயம் யாது? எஃகைச் சுடட்டும், ஐந்து மைல் வேண்டுமாயினும் சுடட்டும், அம்முயற்சியாற் குண்டின் வடிவமும் காற்றியலும் பற்றிய அறிவு வளர்ந்திருப்பதை யாம் மறுக்கவில்லை. குண்டின் விரைவு குறையும் விதத்தை ரேடார்க் கருவியால் வழிநெடுகத் தொடர்ந்து அளக்கும் அளவிற்கு இன்று அத்துறை முன்னேறியிருக்கிறது. அமெரிக்கரான பிரையன் லிட்ஸ் முதலியோர், தொலைவு, விரைவு, காற்று ஆகியவற்றின் ஐயப்பாட்டையெல்லாம் கூட்டி, இன்ன இலக்கில் இத்தனை விழுக்காடு படும் என்று முன்னரே கணிக்கும் முறையை நூலாக எழுதியிருக்கின்றனர். தம் கையின் அளவை அறிய விரும்புவோர்க்கு வழி திறந்தே உளது.

ஆதலின், நெடுந்தொலைவிற் குறியடித்தேன் என்று கூறும் எவரிடமும் நான்கு செய்திகளைக் கேட்குமாறு எம் நண்பர்களை வேண்டுகிறோம்: இலக்கின் அகலம் என்ன, பட்டது எத்தனையாவது வேட்டு, பட்டபின் தொடர்ந்து சுட்ட பத்தில் எத்தனை பட்டன, காற்று எவ்வளவு வீசிற்று. உணவுச்சாலை வழக்கில் இவ்வினாக்களை யாம் எழுப்பினோம். கைப்பேசிக் காட்சியைத் திரும்பவும் ஓட்டிப் பார்த்தோம். அதில் ஒரு வேட்டு இருந்தது. ஒரு மான் இருந்தது. வினாக்களுள் ஒன்றற்கும் அதில் விடை இல்லை. மாணவர் படை நண்பர் தம் பழைய இலக்குத் தாள்களைக் கட்டாகக் கொணர்ந்து மேசைமேல் விரித்தார். நல்லனவும் தீயனவும் நாளிட்டு வரிசையாக இருந்தன.